'நோலி மே தாங்ஹெரே' முதல் முறை படிக்கப் போகிறவர்களுக்கு: பதிப்பு, செலவு, நாள் கணக்கு

பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசால் எழுதிய 'நோலி மே தாங்ஹெரே' நாவலை நான் இரண்டு முறை தொடங்கிப் பாதியில் விட்டேன். முதல் முறை கையில் இருந்தது சுருக்கப் பதிப்பு. அது தெரியாமல், கதை ஏன் இப்படித் தாவித் தாவிப் போகிறது என்று குழம்பி மூடி வைத்துவிட்டேன். இரண்டாம் முறை முழுப் பதிப்பே கிடைத்தது. பெயர்கள் மாறி மாறிக் குழப்பியதால் இணையத்தில் பாத்திரப் பட்டியல் ஒன்றைத் தேடினேன். நாவலின் மிகப் பெரிய ரகசியம் அந்தப் பட்டியலின் மூன்றாவது வரியில் இருந்தது. படிக்கும் ஆசையே போய்விட்டது.

மூன்றாம் முறை முழுவதும் படித்தேன். பிறகு இன்னொரு முறையும் படித்தேன். நாவலில் குறை எதுவும் இல்லை, நான் தொடங்கிய விதம்தான் தவறு என்று அப்போது புரிந்தது. உங்களுக்கு அந்த இரண்டு தோல்விகளும் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். வரலாற்றுப் பாடம் எதுவும் இதில் இல்லை. ஸ்பெயின் ஆண்ட பிலிப்பைன்ஸில் நடக்கும் கதை, 1887இல் பெர்லினில் அச்சானது, மூலம் ஸ்பானிய மொழி. தொடங்குவதற்கு இவ்வளவு தெரிந்தால் போதும். கதையின் முடிச்சுகளையும் கூடியவரை அவிழ்க்காமலே சொல்கிறேன்.

1. முதல் வேலை: முழுப் பதிப்புதானா என்று பாருங்கள்

அதிகம் பேர் விழும் குழி இதுதான். இலவசமாகக் கிடைப்பதில் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதை இறக்கிவிடுகிறோம். 1900ஐ ஒட்டி அமெரிக்காவில் இரண்டு ஆங்கில வடிவங்கள் வந்தன. 'ஆன் ஈகிள் ஃப்ளைட்' ஒன்று, 'ஃப்ரையர்ஸ் அண்ட் ஃபிலிப்பினோஸ்' மற்றொன்று. முன்னது தழுவல், பின்னது சுருக்கம். இரண்டின் தலைப்புப் பக்கத்திலேயே அது அச்சிடப்பட்டிருக்கிறது, ஆனால் அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. பின்னதன் தலைப்புப் பக்கம் இதைத் தகலோகு (பிலிப்பைன்ஸின் உள்ளூர் மொழிகளில் ஒன்று) நாவல் என்று வேறு சொல்கிறது. அதுவும் பிழை.

முழுப் பதிப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி அத்தியாயங்களை எண்ணுவது. 63 அத்தியாயமும் கடைசியில் ஒரு பின்னுரையும் இருக்க வேண்டும். குறைந்தால் சுருக்கம். 64 இருந்தால் பயப்படாதீர்கள், அதற்கு ஒரு காரணம் உண்டு. ரிசாலிடம் அச்சுக்குப் பணம் இல்லை. நண்பர் மாக்சிமோ வியோலா 300 பேசோ கொடுத்த பிறகுதான் 2,000 பிரதிகள் அச்சாயின. செலவைக் குறைக்க 'எலியாஸும் சலோமேயும்' என்ற அத்தியாயத்தை ரிசாலே எடுத்துவிட்டார். பிற்காலப் பதிப்புகள் சில அதை 25ஆம் அத்தியாயமாக நடுவில் சேர்த்திருக்கின்றன, சில கடைசியில் இணைத்திருக்கின்றன.

நடுவில் சேர்த்த பதிப்பில் அதற்குப் பின் வரும் எண்கள் எல்லாம் ஒன்று கூடிவிடும். இன்னொருவருடன் சேர்ந்து படிக்கும்போது "இன்று 32 முடிந்தது" என்று அவர் சொல்வதும் நீங்கள் படித்ததும் வேறு வேறாக இருக்கலாம். சரி பார்க்க ஓர் அடையாளம்: கதாநாயகன் இபாரா அறிஞர் தாசியோவின் வீட்டுக்கு ஆலோசனை கேட்கப் போகும் அத்தியாயம் 25 என்றால் உங்களிடம் இருப்பது பழைய எண்வரிசை. 26 என்றால் சேர்த்த பதிப்பு. நான் இங்கே தரும் எண்கள் எல்லாம் பழைய வரிசைப்படி.

2. எந்த மொழிபெயர்ப்பு, எவ்வளவு செலவு

ஸ்பானியம் தெரிந்தவர்கள் மூலத்தையே படிக்கலாம். நான் படித்தது ஆங்கிலத்தில். முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்புகளில் நான்கைச் சொல்கிறேன்.

சார்ல்ஸ் டெர்பிஷயர் செய்தது, 1912, பெயர் 'தி சோஷியல் கேன்சர்'. செலவு எதுவும் இல்லை. ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் முழுவதும் கிடைக்கிறது, கைப்பேசியிலும் மின்நூல் கருவியிலும் படிக்கலாம். நூற்றாண்டு பழைய ஆங்கிலம் என்பதால் வாக்கியங்கள் நீளம். ஆனால் கடைசியில் ஒரு நல்ல சொல்லகராதி இருக்கிறது. வேறு பதிப்பைக் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்தச் சொல்லகராதிக்காக இதையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லியோன் மரியா கெர்ரேரோ செய்தது, 1961. படிக்க ஓட்டமாக இருக்கும். ஆனால் மூலத்திலிருந்து பல இடங்களில் விலகி, உள்ளூர் வாசனையைக் குறைத்துவிட்டது என்று ஆய்வாளர் பெனடிக்ட் ஆண்டர்சன் விரிவாக எழுதியிருக்கிறார். முதல் வாசிப்புக்கு இதைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லமாட்டேன்.

சோலேதாத் லாக்சன்-லொக்சின் 1990களில் செய்தது மூலத்துக்கு நெருக்கமானது. ஸ்பானிய, தகலோகு சொற்களை ஆங்காங்கே அப்படியே விட்டு வைக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு நல்ல தேர்வு.

ஹெரால்ட் ஆகன்பிராம் செய்தது, 2006, பெங்குவின் கிளாசிக்ஸ் வெளியீடு. இன்றைய ஆங்கிலம், குறிப்பு வசதி எல்லாம் உண்டு. நானூறு பக்கத்துக்கு மேல் வரும்.

என் யோசனை இதுதான்: டெர்பிஷயரை இலவசமாக இறக்கி முதல் 4 அத்தியாயங்களைப் படியுங்கள். ஆங்கிலம் தடுக்கவில்லை என்றால் அதிலேயே தொடருங்கள், ஒரு காசும் செலவில்லை. தடுத்தால் அங்கேயே நிறுத்தி, ஆகன்பிராமை வாங்குங்கள் அல்லது நூலகத்தில் கேளுங்கள். ஆங்கிலம் பிடிக்காமல் நாவலே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இன்னோர் எச்சரிக்கை. பிலிப்பைன்ஸில் 1956இல் வந்த குடியரசுச் சட்டம் 1425இன்படி இது மாணவர்கள் படித்தே ஆக வேண்டிய நூல். அதனால் பள்ளிப் பிள்ளைகளுக்கான சுருக்கங்களும் அத்தியாயச் சுருக்கங்களும் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. வாங்கும்போது அட்டையில் பெரிய எழுத்தில் நாவலின் பெயர் இருக்கும், உள்ளே கேள்வி பதில் இருக்கும். உள்பக்கத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

3. முன்னுரையைத் தாண்டிப் போங்கள், காணிக்கையுரையைப் படியுங்கள்

எல்லாப் பதிப்புகளிலும் முன்னுரை நீளம். டெர்பிஷயரில் மிக நீளம். அது மோசமான எழுத்து அல்ல, ஆனால் நாவலைப் படித்து முடித்தவருக்குத்தான் அது பயன்படும். கதை முடிவைப் பற்றிய பேச்சு நடுவில் வந்து விழும். புத்தகத்தின் பின்னட்டையையும் அப்படியே தவிருங்கள்.

'என் தாய்நாட்டுக்கு' என்று ரிசால் எழுதிய ஒரு பக்கக் காணிக்கையுரையை மட்டும் விடாதீர்கள். நாவலின் தலைப்புக்கு லத்தீனில் 'என்னைத் தொடாதே' என்று பொருள். யோவான் நற்செய்தியில் உயிர்த்த இயேசு மகதலா மரியாளிடம் சொல்லும் அதே வாக்கியம். காணிக்கையுரையில் ரிசால் தொட்டாலே வலிக்கும் ஒரு புற்றைப் பற்றிப் பேசுகிறார். முற்காலத்தில் நோயாளியைக் கோயில் படிக்கட்டில் கிடத்துவார்களாம், வந்து போகிறவர்கள் மருந்து சொல்லட்டும் என்று. தன் நாட்டையும் அப்படிக் கிடத்துகிறேன் என்கிறார். அவர் கண் மருத்துவர். நாவல் முழுக்க அந்த மருத்துவப் பேச்சு மறுபடி மறுபடி வரும். 49ஆம் அத்தியாயத்தில் அது எவ்வளவு முக்கியமாகிறது என்று பின்னால் பார்ப்பீர்கள்.

4. பெயர்த் தாள் ஒன்றை நீங்களே எழுதுங்கள்

பெயர்ப் பட்டியலை இணையத்தில் தேடாதீர்கள். யாருக்கு யார் பிள்ளை என்பது வரை அதில் எழுதி வைத்திருப்பார்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தொடங்கும்போது இந்த அளவு எழுதிக்கொள்ளுங்கள்:

கிறிசோஸ்தொமோ இபாரா: ஏழு ஆண்டு ஐரோப்பாவில் படித்துத் திரும்பும் இளைஞர். ஊரில் பள்ளிக்கூடம் கட்ட நினைப்பவர்.
மரியா கிளாரா: அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்.
காப்பித்தான் தியாகோ: மரியா கிளாராவின் வீட்டுப் பெரியவர், பணக்காரர்.
பாத்ரே தாமாசோ: சான் தியேகோ ஊரின் பழைய பங்குச் சாமியார்.
பாத்ரே சல்வி: இப்போதைய பங்குச் சாமியார். இருவரும் பிரான்சிஸ்கன் சபை.
பாத்ரே சிபிலா: தொமினிக்கன் சபை. மற்ற இருவரோடும் சேராதவர்.
தாசியோ: ஊரார் சிலர் அறிஞர் என்றும் பலர் பைத்தியம் என்றும் சொல்லும் முதியவர்.
எலியாஸ்: படகோட்டி.
சீசா, அவள் பிள்ளைகள் பசிலியோ, கிறிஸ்பின்: பிள்ளைகள் இருவரும் கோயிலில் மணியடிப்பவர்கள்.

மீதியை அத்தியாயம் போகப் போக நீங்களே சேருங்கள். இரண்டு பெண்கள் பெயரில் தடுமாற்றம் வரும்: தோன்யா விக்டோரினா, தோன்யா கொன்சொலாசியோன். முன்னவள் ஸ்பானியக்காரி ஆகத் துடிப்பவள், பின்னவள் படைத்தலைவனின் மனைவி. 47ஆம் அத்தியாயத்தில் இருவரும் தெருவில் சண்டை போட்டுக்கொள்வார்கள். அதற்குள் இருவரையும் பிரித்துத் தெரிந்துகொண்டிருந்தால் நல்லது.

தாளின் பின்பக்கத்தில் 'காகிதங்கள்' என்று ஒரு தலைப்பு எழுதுங்கள். இது நான் இரண்டாம் வாசிப்பில் கண்டுகொண்டது. இந்த நாவலில் அநியாயம் பெரும்பாலும் காகிதத்தின் வழியாகத்தான் நடக்கிறது. யார் யாருக்குக் கடிதம் எழுதினார், யார் எதில் கையெழுத்துப் போட்டார் என்று குறித்து வையுங்கள். 7ஆம் அத்தியாயத்தில் மாடி முற்றத்தில் ஒரு பழைய கடிதம் படிக்கப்படும். காதல் காட்சிதானே என்று தாண்டாதீர்கள், அதற்கு ஓர் அடையாளம் வையுங்கள். 10ஆம் அத்தியாயத்தில் ஊருக்கு வந்து காட்டு நிலத்தை வாங்கும் வயதான ஸ்பானியர் ஒருவர் வருவார். அவருக்கும் ஓர் அடையாளம்.

5. ஏமாற்றும் சொற்கள்

சொல் தெரியாதது பெரிய சிக்கல் அல்ல. தெரிந்த சொல் போலத் தோன்றி வேறு பொருள் தரும் சொற்கள்தான் சிக்கல். என்னைக் குழப்பியவற்றைச் சொல்கிறேன்.

'கொன்வென்தோ' என்று வரும்போது கன்னியர் மடம் நினைவுக்கு வரும். இங்கே அது பங்குச் சாமியார் குடியிருக்கும் வீடு. இது தெரியாமல் ஒரு சாமியார் ஏன் எப்போதும் கன்னியர் மடத்திலேயே இருக்கிறார் என்று 10 அத்தியாயம் வரை குழம்பினேன். (கன்னியர் மடமும் நாவலில் உண்டு, ஆனால் கடைசியில்.)

'இந்தியோ' என்பது இந்தியர் அல்ல. தீவுகளின் பூர்வகுடி மக்களை ஸ்பானியர் அப்படி அழைத்தார்கள், இழிவாக. 'பெனின்சுலார்' என்பவர் ஸ்பெயினில் பிறந்த ஸ்பானியர். 'பிலிப்பினோ' என்ற சொல் அந்தக் காலத்தில் தீவுகளில் பிறந்த ஸ்பானியருக்கே பெரும்பாலும் வழங்கியது.

'காப்பித்தான்' தியாகோ படைவீரர் அல்ல. ஊர்த் தலைவர் பதவியில் இருந்தவருக்கு ஒட்டிக்கொள்ளும் பட்டம் அது. அந்த ஊர்த் தலைவருக்கு 'கொபெர்னதோர்சில்லோ' என்று பெயர். 'அல்ஃபேரெஸ்'தான் உண்மையான படைக்காரர், ஊரில் உள்ள குவார்தியா சிவில் படையின் தலைவர்.

'ஃபிலிபுஸ்தெரோ' என்பதற்கு அகராதியில் கடற்கொள்ளையர் என்று இருக்கும். நாவலில் அது அரசுக்கு எதிரானவர் என்று முத்திரை குத்தும் சொல். அந்த முத்திரை விழுந்தவர் கதி என்ன என்பதுதான் 4ஆம் அத்தியாயம். 'துலிசான்' என்றால் காட்டுக்குள் போன கொள்ளையர்.

கத்தோலிக்கச் சொற்களுக்கு நம்மிடமே நல்ல தமிழ் இருக்கிறது. ஆங்கிலத்தில் முழிப்பதற்குப் பதில் அதைப் போட்டுப் படியுங்கள்: பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்வது), உத்தரிக்கிற ஸ்தலம் (இறந்தவர் ஆத்துமா தூய்மையாகும் இடம்), பரிபூரண பலன் (பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்குவது), மூன்றாம் சபை (துறவியாகாத பொதுமக்கள் சேரும் சபைப் பிரிவு). 18ஆம் அத்தியாயத்தில் பக்தைகள் சிலர் கூடி, உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காகச் சேர்த்த பலன்களைக் கணக்குப் பார்ப்பார்கள். இந்தச் சொற்கள் தெரிந்தால் அந்தக் காட்சி அப்படியே காதில் விழும்.

ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சான் தியேகோ கற்பனை ஊர், வரைபடத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அதை ஒட்டிய ஏரியை மணிலாவுக்குத் தென்கிழக்கே உள்ள லகுனா தே பாய் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் வரும் 'பாய்' விரிகுடா அல்ல, ஓர் ஊரின் பெயர். பாசிக் ஆறு அந்த ஏரியிலிருந்து மணிலாவுக்கு ஓடுகிறது. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் 61ஆம் அத்தியாயத்தில் படகு எங்கே போகிறது என்று புரியும்.

6. நாவலின் பணக் கணக்கு

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் மிக அவசியம். 1 ஓன்ஸா என்பது 16 பேசோ, தங்க நாணயம். 1 பேசோவுக்கு 160 குவார்த்தோ.

15ஆம் அத்தியாயத்தில் சின்னவன் கிறிஸ்பின் 2 ஓன்ஸா திருடியதாகக் குற்றம் சாட்டப்படுகிறான். அவனுக்கு ஓன்ஸா என்றால் என்னவென்றே தெரியாது. அண்ணனிடம் கேட்கிறான். 32 பேசோ என்று தெரிந்ததும் தன் கைவிரல்களை வைத்து எண்ணிப் பார்க்கிறான்: ஆறு கையும் இரண்டு விரலும், ஒவ்வொரு விரலும் ஒரு பேசோ. மாதம் 2 பேசோ சம்பளம் வாங்கும் பிள்ளைகள் அவர்கள், அதிலும் அபராதம் பிடிக்கிறார்கள். அப்படியானால் திருடியதாகச் சொல்லப்படும் தொகை 16 மாதச் சம்பளம். இந்தக் கணக்கு தெரியாமல் படித்தால் அது ஏதோ ஒரு திருட்டுக் குற்றச்சாட்டு. தெரிந்து படித்தால் அந்த மணிக்கூண்டின் இருட்டு உங்கள் மேலும் இறங்கும்.

அதோடு 11ஆம் அத்தியாயத்தில் ஊர்த் தலைவர் தன் பதவிக்கு 5,000 பேசோ கொடுத்திருக்கிறார் என்று வருவதை ஒப்பிட்டுப் பாருங்கள். வருமானத்தைப் பார்த்தால் அது மலிவுதான் என்கிறார் கதைசொல்லி.

7. வஞ்சப் புகழ்ச்சியைக் கண்டுபிடியுங்கள்

பலர் இந்த நாவலை 'மெதுவாகப் போகிறது' என்று சொல்லக் காரணம், கதைசொல்லி சொல்வதை நேராக எடுத்துக்கொள்வதுதான். 6ஆம் அத்தியாயம் முழுவதும் காப்பித்தான் தியாகோவின் பக்தியைப் புகழ்கிறது. நேராகப் படித்தால் சலிப்பு. நம் அணி இலக்கணத்தில் வஞ்சப் புகழ்ச்சி என்று ஒன்று உண்டே, அந்தக் காதோடு படியுங்கள். ஒவ்வொரு வரியும் குத்தும்.

பழக 3ஆம் அத்தியாயம் நல்ல இடம். விருந்தில் தினோலா என்னும் கோழிச் சாறு பரிமாறுகிறார்கள். பாத்ரே தாமாசோவின் தட்டில் விழுவது கழுத்தும் இறக்கையும். அவருடைய முகம் மாறுகிறது. ஒரு சாப்பாட்டுத் தட்டில் தொடங்கும் அந்தக் கோபத்தின் பின்னால் எவ்வளவு பெரிய அதிகாரம் நிற்கிறது என்பது 12, 13ஆம் அத்தியாயங்களில் தெரியும். ரிசால் எதையும் குரல் உயர்த்திச் சொல்வதில்லை. தட்டைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

8. நாள் கணக்கு: எட்டு வாரம்

எனக்கு ஓர் அத்தியாயத்துக்குச் சராசரியாக 20 நிமிடம் ஆனது. மொத்தம் 21, 22 மணி நேரம். 63 அத்தியாயமும் பின்னுரையும் சேர்த்து 64. வாரம் 8 என்று வைத்தால் எட்டு வாரம்.

முடிந்தால் அக்டோபர் கடைசி வாரத்தில் தொடங்குங்கள். கதை அக்டோபர் கடைசியில் ஒரு விருந்தோடு தொடங்குகிறது. நவம்பர் தொடக்கத்தில் புனிதர் அனைவர் திருநாளும் கல்லறைத் திருநாளும், நவம்பர் 11 ஊர்த் திருவிழா, கடைசி அத்தியாயம் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு. அதாவது நீங்களும் கதையும் ஏறக்குறைய ஒரே நாள்காட்டியில் போவீர்கள். நான் அடுத்த முறை அப்படித்தான் படிக்கப் போகிறேன்.

இரண்டாம் வாரம்தான் ஆபத்து. முதல் 9 அத்தியாயங்கள் மணிலாவில், ஒரு விருந்தும் அதன் மறுநாளும், வேகமாகப் போகும். 10, 11இல் கதை நின்று ஊரை விவரிக்கும். நான் முழுப் பதிப்பை மூடியது 10இல்தான். அந்த இரண்டையும் ஒரே நாளில் படித்துத் தாண்டிவிடுங்கள். 12இல் கல்லறைக்குப் போனதும் நாவல் உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

15 முதல் 18 வரை எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். மணிக்கூண்டு, சீசாவின் குடிசை, பசிலியோ, மறுநாள் காலை காய்கறிக் கூடையோடு சாமியார் வீட்டு வாசலில் சீசா. நான்கும் ஓர் இரவும் ஒரு காலையும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி ஒரே மூச்சில் படியுங்கள். 21ஆம் அத்தியாயம் அதன் தொடர்ச்சி. அதைப் படித்த நாளில் வேறு எதையும் படிக்க என்னால் முடியவில்லை, நீங்களும் அந்த நாளை அப்படியே விட்டுவிடுங்கள்.

26 முதல் 40 வரை திருவிழா. ஆட்கள் அதிகம், ஊர்வலம் அதிகம். 31இல் பாத்ரே தாமாசோவின் பிரசங்கம் வரும். நீளமாக இருக்கும், அது வேண்டுமென்றே அப்படி எழுதப்பட்டது. வேகமாகப் படித்தாலும் இழப்பில்லை. ஆனால் 32இல் பள்ளிக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டும் காட்சியை மெதுவாகப் படியுங்கள்.

9. பள்ளிக்கூடத்தின் பாதையைப் பின்தொடருங்கள்

நாவலில் காதல் இருக்கிறது, பழி இருக்கிறது, துரத்தல் இருக்கிறது. எதைப் பிடித்துக்கொண்டு போவது என்று தெரியாமல் போனால் பள்ளிக்கூடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

19இல் ஊர் ஆசிரியர் இபாராவிடம் தன் நிலையைச் சொல்கிறார். பள்ளி நடப்பது சாமியார் வீட்டின் கீழ்த்தளத்தில், அவருடைய வண்டி நிற்கும் இடத்தின் பக்கத்தில். பிள்ளைகள் சத்தமாகப் படித்தால் மேலிருந்து திட்டு விழும். பிரம்பை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுக்க முயன்றால் பெற்றோர்களே வந்து அடிக்கச் சொல்கிறார்கள். ஸ்பானியத்தில் வணக்கம் சொன்னதற்கு ஏளனம். அப்புறம் 20இல் ஊர்க்கூட்டம். திருவிழாப் பணத்தை என்ன செய்வது என்று மணிக்கணக்கில் விவாதித்து ஒரு முடிவுக்கு வருகிறார்கள். கடைசியில் பங்குச் சாமியாரின் விருப்பம் வேறு என்று ஊர்த் தலைவர் சொல்கிறார், எல்லாம் அதன்படியே நடக்கிறது. ஆறு ஊர்வலம், மூன்று பிரசங்கம், மூன்று பெரிய பூசை, பணம் மிஞ்சினால் ஒரு நாடகம்.

25இல் இபாரா தாசியோவிடம் யோசனை கேட்கிறார். முதலில் சாமியாரிடமும் ஊர்த் தலைவரிடமும் பணக்காரர்களிடமும் போய் ஆலோசனை கேள், கேட்டபடி செய்ய வேண்டாம், செய்வதாகத் தோன்றினால் போதும் என்கிறார் முதியவர். இபாரா தயங்குகிறார். நல்ல காரியத்துக்குப் பொய்யான பணிவு தேவையா என்ற இந்தக் கேள்வியை உங்கள் தாளில் எழுதி வையுங்கள், நாவல் அதற்குப் பதில் தேடிக்கொண்டே போகும்.

10. 49ஐயும் 61ஐயும் அடுத்தடுத்துப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டால் அது இதுவாக இருக்கட்டும்.

49ஆம் அத்தியாயத்தில் ஏரியில் ஒரு படகில் இபாராவும் எலியாஸும் பேசுகிறார்கள். துன்புறுத்தப்பட்டவர்களின் கோரிக்கையை எலியாஸ் கொண்டுவருகிறார்: மனிதருக்கு மரியாதை, உயிருக்குப் பாதுகாப்பு, ஆயுதப் படைக்குக் கட்டுப்பாடு, சாமியார்களின் செல்வாக்குக்கு எல்லை. படித்தவர், நல்லவர், தகப்பனுக்கு நடந்த அநியாயத்தைக் கண்டவர் இபாரா. அவர் மறுக்கிறார். அந்தப் படையும் அந்தச் சபைகளும் தேவையான தீமை, கடும் நோய்க்குக் கடும் மருந்து என்கிறார். காணிக்கையுரையின் நோயும் மருந்தும் இங்கே வந்து நிற்கின்றன.

61இல் அதே இருவர், மறுபடி ஒரு படகில். இடையில் 11 அத்தியாயங்கள். அங்கே அவர்கள் பேசுவதை நான் சொல்லமாட்டேன். 60 முடிந்ததும் நிறுத்திவிட்டு, திரும்பிப் போய் 49ஐ இன்னொரு முறை படியுங்கள், 20 நிமிடம்தான். பிறகு 61ஐத் திறங்கள். முதல் வாசிப்பில் நான் அதைச் செய்யாததால், யார் எங்கே நின்றார்கள், யார் எங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது எனக்குத் தெரியவே இல்லை. சீர்திருத்தம் கேட்டவர் ஏன் தயங்குகிறார், வேண்டாம் என்றவர் ஏன் மாறுகிறார் என்பது அந்த இரண்டு படகுகளுக்கும் நடுவில் இருக்கிறது.

11. முடித்த பிறகு

இப்போது முன்னுரையைப் படிக்கலாம். எடுக்கப்பட்ட 'எலியாஸும் சலோமேயும்' அத்தியாயம் உங்கள் பதிப்பில் இருந்தால் அதையும் இப்போது படியுங்கள், இந்த இடத்தில்தான் அது அதிகம் வலிக்கிறது.

மணிலா போகும் வாய்ப்பு இருந்தால் பினோந்தோவில் ஹுவான் லூனா தெருவில் நடந்து பாருங்கள். முதல் அத்தியாயத்து விருந்து நடக்கும் அன்லோவாகே தெரு அதுதான். மணிலாவின் பழைய மதில் நகரான இந்திராமுரோஸில் சாந்தியாகோ கோட்டைக்குள் ரிசால் நினைவகம் இருக்கிறது. 1896 டிசம்பர் 30 அன்று சுட்டுக்கொல்லப்படுவதற்கு முன் அவரை அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். அவர் பிறந்த கலாம்பா வீடு, திரும்பக் கட்டப்பட்டு, அருங்காட்சியகமாக இருக்கிறது.

தொடர்ச்சியான 'எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ' 1891இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் வெளிவந்தது, 39 அத்தியாயம், இதைவிடச் சிறியது. நோலியை முடிக்கும் வரை அதன் அட்டையைக்கூடப் பார்க்காதீர்கள். அதன் கதைச் சுருக்கத்தில் முதல் வரியே நோலியின் முடிவைச் சொல்லிவிடும். முடித்த கையோடு தொடங்கவும் வேண்டாம், இரண்டு வாரமாவது விடுங்கள். கதையில் 13 ஆண்டுகள் கடந்திருக்கும். டிசம்பர் மாதக் காலை ஒன்றில், பாசிக் ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்து மெல்ல ஏறிக்கொண்டிருக்கும் தாபோ என்ற நீராவிக் கப்பலில் அது தொடங்கும்.